வெயில் விழும் இடம்

வண்ணார்பேட்டை,
12.5.2024

அன்புள்ள ஜெபராணி அக்காவுக்கு,

தம்பி பாக்கியசீலன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் வயலட்டும் ரீபாவும் சுகம். அத்தானின் கால் வீக்கம் வடிந்ததா? மாஞ்சோலையில் டவர் எடுக்கும் வளைவுக்கு நீ நடந்து வந்தால்தான் போனில் பேச முடியும். அதனால் பழையபடி தபால்.

எஸ்டேட்டில் எல்லோரும் வீட்டைக் காலி செய்து கீழே இறங்க வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டேன். நீ வாடகைக்கு வீடு தேடாதே. டெப்போ ஏலத்தில் ஒரு பழைய அரசு பஸ் எடுத்தேன். உடைத்து இரும்பாக விற்கத்தான் எடுத்தேன். அடியில் புகுந்து பார்த்தால் சட்டம் கல் மாதிரி இருக்கிறது. உடைக்க மனம் வரவில்லை. அதை உங்களுக்கு வீடாக்கப் போகிறேன். சிரிக்காதே. சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் அடுக்களை, நடுவில் கட்டில், கூரை மேல் நாலு சோலார் பலகை. விளக்கு, ஃபேன், மிக்சி எல்லாம் வெயிலிலேயே ஓடும். கரண்டு பில் என்ற பேச்சே இல்லை.

நிறுத்தப்போவது பெருமாள்புரத்தில், என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில். அம்மா செத்த பிறகு என்னை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தவள் நீ. பத்து வயதில் கீழே படிக்க அனுப்பியவளும் நீ. இன்றைக்கு வண்ணார்பேட்டையில் இந்தப் பழைய இரும்புக் கடையில் நாலு பேர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவது உன்னால்தான். கடைசிக் காலத்தில் நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் தம்பி,
பாக்கியசீலன்

---

மாஞ்சோலை,
27.5.2024

பிரியமுள்ள தம்பி சீலனுக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "பஸ்ஸுக்குள்ள குடும்பம் நடத்தச் சொல்லுதானா ஒன் தம்பி? டிக்கெட்டு யாரு கிழிக்கது?" என்று கேட்டுச் சிரித்தார். கால் இப்படி ஆன பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

லைன் வீடுகள் எல்லாவற்றிலும் சொல்லிவிட்டேன். பாதிப் பேருக்கு எங்கே போவது என்றே தெரியவில்லை. "ஒனக்கென்ன, தம்பி வீட்டுக்குப் போற" என்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. கர்த்தர் மன்னிக்கட்டும்.

மூன்று விஷயம் கேட்கிறேன், கோபப்படாதே. பஸ் படி உயரமாயிற்றே, அத்தான் எப்படி ஏறுவார்? கக்கூஸ் எங்கே? அடுக்களை ஜன்னலை உங்கள் புறவாசலைப் பார்த்து வை. மீன்குழம்பு வைத்தால் அங்கிருந்தே வயலட்டைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவேன். பிள்ளை இல்லாத எங்களுக்கு, உன் மகள் ரீபா வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாலே பொழுது போய்விடும்.

உன் அக்காள்,
ஜெபராணி

---

வண்ணார்பேட்டை,
23.6.2024

அன்புள்ள அக்கா,

வேலை பாதி முடிந்தது. கூரைக்கு அடியில் தெர்மாகோலும் பிளைவுட்டும் அடித்தாயிற்று, சூடு இறங்காது. முன்படியை அறுத்தெடுத்து, குட்டையாக நாலு படியும் கைப்பிடியும் வெல்டிங் வைத்தேன். பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில். கக்கூஸ் வெளியே தனியாக, அத்தான் உட்கார்ந்து எழும்ப வசதியாக.

ஒரே ஒரு சிக்கல். சோலார் வேலைக்கு வந்த யாசர் பின்பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இங்கன பக்கத்து மாடி நெழலு விழுதுல்லா அண்ணாச்சி, பலகைக்கு மூணு மணி நேரம் வெயிலு கெடச்சாப் பெருசு" என்றான். அதனால் பஸ்ஸைப் பேட்டையில் இருக்கும் நம் கிட்டங்கிக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். பழைய இரும்பெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் இடம்தான், ஆனால் காவல் உண்டு, தண்ணீர் உண்டு. நான் தினமும் வருகிற இடம். ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, சொல்.

தம்பி,
சீலன்

---

மாஞ்சோலை,
5.7.2024

அன்புத் தம்பிக்கு,

கிட்டங்கி என்றாலும் சரிதான். நீ தினமும் வருவாய் அல்லவா.

ரீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாமே. கீழே போய்விட்டு வந்த கோவில் உபதேசியார் சொன்னார். நீ இரண்டு கடிதம் எழுதினாய், பேட்டரி எங்கே இருக்கிறது என்று எழுதினாய், இதை எழுதவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை நான் இருக்கும்போது முறுக்கும் அதிரசமும் கடையில் வாங்கிவிடாதே. பத்து நாள் முன்னதாகவே வந்து சுட்டு வைக்கிறேன். மாப்பிள்ளை எந்த ஊர்? என்ன வேலை? எல்லாம் எழுது. இங்கே வீடு வீடாகச் சாமான் கட்டுகிறார்கள். நாங்கள் ஆகஸ்டு கடைசியில் இறங்குகிறோம்.

அக்காள்

---

வண்ணார்பேட்டை,
31.7.2024

அக்காவுக்கு,

பஸ்ஸை மறுபடி நகர்த்திவிட்டேன். கிட்டங்கியில் துருத்தூசி பலகை மேல் படிகிறது, தினமும் துடைத்தாலும் தீரவில்லை. கங்கைகொண்டானைத் தாண்டி எனக்கு ஒரு பொட்டல் நிலம் கிடக்கிறது. சுற்றி ஒரு மரம் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில். யாசர் மீட்டரைப் பார்த்துவிட்டு இதுதான் இடம் என்கிறான்.

இவ்வளவும் உண்மை. ஆனால் நான் வியாபாரி. ஒரு சரக்கைத் தள்ளிவிட ஆள் எப்படிக் காரணம் சொல்லுவான் என்று எனக்குத் தெரியும். உன்னிடமும் அதையே செய்வது எனக்கே பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் பாளையங்கோட்டையில் மூன்று தலைமுறையாக வாத்தியார்கள். நீ எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டுக்கும் கிட்டங்கிக்கும் அவர்கள் வந்து போகிறார்கள். "பஸ்ஸுல குடியிருக்கது யாரு?" என்று கேட்டால் எனக்கு வாய் எழாது என்கிறாள் வயலட். அவள் மேல் பழியைப் போட மாட்டேன். எனக்கும் எழாது.

அக்டோபரில் கல்யாணம். அதுவரைக்கும் பொறுத்துக்கொள். பஸ்ஸின் சக்கரத்தை நான் கழற்றவில்லை. கல்யாணம் முடிந்ததும் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டுப் பக்கத்திலேயே நிறுத்துகிறேன். இறங்கும்போது லாரியை டவுனுக்குள் விடாமல் பைபாஸ் வழியாக வரச் சொல்.

சீலன்

---

மணிமுத்தாறு,
16.9.2024

தம்பி பாக்கியசீலனுக்கு,

முகவரியைப் பார்த்துத் திகைக்காதே. பஸ்ஸில் பதினோரு நாள் இருந்தோம். நேற்று முன்தினம் இங்கே வந்துவிட்டோம். எங்களோடு இறங்கியவர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கம்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரு அறை, முன்னால் ஒரு குழாய். போதும்.

உன் வேலையில் குறை சொல்ல மாட்டேன். விளக்கு எரிந்தது, ஃபேன் நிற்கவே இல்லை, அத்தான் கைப்பிடியைப் பிடித்துத் தானாகவே ஏறி இறங்கினார். ஆனால் நாலு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் கொண்டு வருகிற உன் ஆளைத் தவிர மனித முகம் கிடையாது. நீ வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் பையும் குடையுமாக ஒரு அம்மா ரோட்டிலிருந்து இறங்கி வந்து, "பஸ்ஸு எப்பம் எடுப்பீய?" என்று கேட்டாள். அத்தான், "இது போகாதும்மா. எங்களயே இங்கன எறக்கி விட்டுட்டாவ" என்றார். அவள் மறுபடி ரோட்டுக்கு ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஜெபா, நாம போயிருவோம்" என்றார்.

எங்களுக்கு வெயில் தேடித் தேடி இவ்வளவு தூரம் போய்விட்டாயே, தம்பி. நாங்கள் மழையிலும் மஞ்சு மூட்டத்திலும் பிழைத்தவர்கள். யார் வெயில் கேட்டது?

கல்யாணத்துக்கு வர மாட்டோம். யாராவது கேட்டால், அக்காள் இன்னும் மேலேதான் இருக்கிறாள், மழையில் மலைப்பாதை அடைத்துக் கிடக்கிறது என்று சொல்லிவிடு. நீ ஆரம்பித்த பேச்சுக்கு அதுதான் பொருந்தும். ரீபாவுக்கு என் ஆசீர்வாதம் உண்டு.

ஜெபராணி

---

வண்ணார்பேட்டை,
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. கடை ஆளை அனுப்பிப் பார்த்தேன். நீ அவனுக்குக் காப்பி கொடுத்தாயாம், அத்தான் கால் தேவலையாம், எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றாயாம்.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. கோவிலில் அத்தை நிற்க வேண்டிய இடத்தில் வயலட்டின் தங்கை நின்றாள். பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா உன்னைக் கேட்டார். நீ எழுதிக் கொடுத்ததையே சொன்னேன். "பாவம், இந்த மழையில மலையில கெடக்காளே. ஒரு நா காரெடுத்துட்டுப் போயிப் பாத்துட்டு வருவோமா?" என்றார். கல்யாணத்துக்கு வந்தவர்களிலே உன்னைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். இந்த மனுஷனுக்குப் பயந்துதான் உன்னைப் பொட்டலில் கொண்டுபோய் வைத்தேன். பாதை திறக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு உன்னைக் கூப்பிடவில்லை. ரீபா போன பிறகு அவள் அறை காலியாகக் கிடக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் அங்கே வந்து இருக்கலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் உறைக்கிறது. மே மாதம் உனக்கு முதல் கடிதம் எழுதினேனே, அன்றைக்கும் அவள் அறைக்குப் பக்கத்து அறை காலியாகத்தான் இருந்தது.

தம்பி,
பாக்கியசீலன்