கழன்ற குழாய்

என் வீட்டுக்காரிக்கு,

நீ தங்கை வீட்டுக்குப் போய் இன்றோடு ஆறு நாள். நான் சௌக்கியம். தவணையில் நீ வாங்கிய வாஷிங் மெஷினை வாசலோடு திருப்பி அனுப்பியது சரி என்றுதான் இன்னும் சொல்வேன். பத்து வருஷமாக யாரிடமும் கைநீட்டாத வீடு இது. "கடன்ல வர்ற பொருள் இந்தப் படி ஏறாது" என்று தெருவே கேட்கக் கத்தியதுதான் தப்பு.

இரு, கொடியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போர்வை இன்னும் சொட்டுகிறது. காலையில் துவைத்தேன். தனியாகப் பிழிய முடியாமல், ஒரு முனையைக் குளியலறைக் குழாயில் சுற்றி முறுக்கினேன். குழாய் ஆடிக் கழன்றது. பிளம்பருக்குத் தண்டச் செலவு எதற்கென்று மாதாமாதம் நானே மாட்டி, "குழாயை அப்படி என்னதான் பண்றே?" என்று உன்னைத் திட்டுவேனே, அதே குழாய். அது ஏன் கழல்கிறது என்று இன்றுதான் தெரிந்தது.

மணிக்கட்டு வலி. எழுத்து கோணலாக இருக்கும்.

என் ஸ்கூட்டரை விற்க ஆள் பார்த்துவிட்டேன். மெஷினை ரொக்கத்துக்கே வாங்கிவிடலாம். அதுவரை துவைப்பது நான். பிழியும்போது மட்டும் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

நீ வைத்த பெயரிலேயே,
கஞ்சப்பிசினாறி