தெற்கு ஓரத்தில் நிற்பவர்

மார்ச் 3
நான் ஓர் ஆய்வகத்தில் எலிகளின் நினைவாற்றலைச் சோதிக்கும் பிரிவின் பொறுப்பாளன், வயது ஐம்பது. அலுவலகப் பதிவேட்டில் எண்களுக்கு மட்டுமே இடமுண்டு. எண்ணில் அடங்காதவற்றை எழுதி வைக்கவே இந்தக் குறிப்பேடு.

அல்சைமர் நோய் வரும்படி வளர்க்கப்பட்ட இருபது எலிகள். பாதிக்கு மருந்து: மூளையில் கசடு சேரக் காரணமான மரபணுவைச் செயல்படாமல் அடக்கிவிடும் ஊசி. மீதிக்கு வெறும் உப்புநீர். எதற்கு எது என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது விதி. வெண்மையாகக் கலக்கிய தொட்டி நீரின் அடியில் ஒரு சிறு மேடை. சுவரிலுள்ள குறிகளைப் பார்த்து, அது இருக்குமிடத்தை எலிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

மார்ச் 7
பத்து எலிகள் நேராக மேடைக்கு நீந்துகின்றன. மற்றவை திக்குத் தெரியாமல் சுற்றுகின்றன.

அதே நோயுள்ள என் மனைவிக்கு நினைவுத் தேர்வில் முப்பதுக்கு இருபத்தொன்று மதிப்பெண். இந்த மருந்தை மனிதர்களுக்குத் தரும் முதல் சோதனையில் சேர இருபதுக்குக் குறையக் கூடாது. பட்டியலில் அவளுக்கு இடமிருக்கிறது. என் அறிக்கைக்காகத்தான் எல்லாம் காத்திருக்கிறது.

மார்ச் 10
இன்று மேடையை எடுத்துவிட்டோம். நினைவுள்ள எலி, மேடை இருந்த இடத்தையே சுற்றித் தேட வேண்டும். அந்தப் பத்தும் தேடவில்லை. அந்த இடத்தைக் கடந்து, நான் நின்ற தெற்கு ஓரத்துக்கு வந்து, என்னைப் பார்த்தபடி மிதந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, பத்தும். சத்தமே இல்லை.

"உங்களுக்கு ரசிகர் மன்றமே வெச்சிடுச்சுங்க சார்" என்றார் ஆய்வகத்தின் கால்நடை மருத்துவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11
பிழை என்னுடையது. முதல் நாளிலிருந்து, ஒழுங்குக்காக, தரையில் நாடா ஒட்டி அதன்மேலேயே நின்றிருக்கிறேன். மேடைக்கு நேர் பின்னால். அவை இடத்தைக் கற்கவில்லை. என்னைக் கற்றிருக்கின்றன.

மார்ச் 12
வடக்கு ஓரத்தில் நின்றேன். பத்தும் வடக்கே வந்தன.

பிறகு திரைக்குப் பின்னால் ஒளிந்து, கேமராவில் பார்த்தேன். ஏழாம் எண் எலி தொட்டியின் நடுவே நின்று, மெல்ல ஒரு சுற்றுத் திரும்பியது. பின் திரைக்கு நேராக முகம் வைத்து அசையாமல் மிதந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன் — எதற்கு? ஓர் எலிக்கா?

மார்ச் 13
கொஞ்ச நாளாக மனைவி யாரையும் வழி கேட்காமல் வீட்டுக்குள் நடமாடுகிறாள். தேறி வருகிறாள் என்றே நினைத்திருந்தேன். இன்று மதியம் நான் பால்கனியில் இருந்தேன். அவள் கூடத்தின் நடுவில் நின்று மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பாத்தேன். நீங்க நிக்கிற பக்கம்தானே ரூமு."

இருபத்தாறு வருடமாக நாங்கள் வாழும் வீடு.

மார்ச் 14
எந்த எலிக்கு எது என்ற ரகசியக் குறியீட்டைக் கால்நடை மருத்துவர் பிரித்தார். அந்தப் பத்தும் மருந்து பெற்றவைதான்.

ஆய்வக இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுசோதனைக்கு நான்கு மாதமாகும் என்றார். எலிகள் எதையோ நினைவில் வைத்திருக்கின்றன, அது பொய்யில்லையே என்றார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாலு மாசத்துல உங்க வீட்ல மார்க் எங்க போய் நிக்கும்னு யோசிச்சீங்களா? நீங்க எழுதலேன்னா யாருக்குமே தெரியாது."

மருந்து எதையோ திருப்பித் தந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் எதை? அது தெரியாமல் அவளுக்கு எப்படி ஊசி போட விடுவேன்? போடாமலும் எப்படி இருப்பேன்?

மார்ச் 15
எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 16
காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன். பட்டியல், நான்கு மாதம், எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த எலிங்க தண்ணிக்குள்ள உங்களையேவா பாத்துச்சு?"

ஆமாம் என்றேன்.

"கரைக்கு வந்துச்சே, தூக்கி விட்டீங்களா?"

விட்டேன் என்றேன். ஒரு நிமிடம் கழித்தே தூக்க வேண்டும் என்ற விதியைச் சொல்லவில்லை.

நாளை திங்கட்கிழமை. சோதனை செல்லாது, பிழை என்னுடையது என்று எழுதிக் கையொப்பமிடுவேன். மறுசோதனையை வேறொருவர் நடத்தக் கோருவேன். அந்த நான்கு மாதமும் விடுப்பெடுத்து வீட்டில் இருப்பேன்.