மணல்மேட்டுக் கொடியும் என் பழைய மனுவும்

அனுப்புநர்:
தையற்காரர்,
கடைசி வீடு,
கடற்கரைத் தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மணல்மேட்டில் படர்ந்துள்ள அடும்பங்கொடியை வரும் வியாழனன்று அகற்றும் உத்தரவை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மூன்று ஆண்டுகளுக்கு முன் நானே கொடுத்த புகார் மனு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். எங்கள் தெருவில் எல்லோரும் நலம். மணல்மேடும் நலம். இந்த மனுவில் குற்றம் சாட்டப்படும் ஆள் நானேதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

1. என் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது அந்த மணல்மேடு ஒன்றுதான். அதன் மேல் ஊதாப் பூவோடு கொடி அடர்ந்து கிடந்தது. பார்க்க அசிங்கம், பாம்பு அடையும் என்று மனு எழுதி, தெருவில் முப்பத்தெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கியவன் நான். 'ஆண்டுதோறும் அகற்ற வேண்டும்' என்று எழுதி அடிக்கோடு போட்டவனும் நானே. எங்கள் தெருவிலிருந்து போன எந்த மனுவுக்கும் எட்டே நாளில் பலன் கிடைத்ததில்லை. இதற்குக் கிடைத்தது.

2. அந்த ஆண்டு மழை பொய்த்தது. மணல் பொடியாகக் காய்ந்தது. போதாக்குறைக்குத் தெற்கே ஏழு மாடிக் கட்டடம் எழும்பி, காற்றையெல்லாம் எங்கள் பக்கம் திருப்பிவிட்டது. மொட்டையாக நின்ற மேடு நகரத் தொடங்கியது. தொழில் பழக்கத்தில் மாதாமாதம் டேப் வைத்து அளந்து, பின்சுவரில் சாக்கட்டியால் குறித்துவந்தேன். இருபத்திரண்டு அடி தள்ளியிருந்த மேடு பத்தே மாதத்தில் சுவரைத் தொட்டது. பின்னறை ஜன்னல் மூடிப்போயிற்று. சோற்றில் மணல், தையல் மெஷினில் மணல். "உங்ககிட்ட சட்டை தைச்சா பையில மணல் இலவசமா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். சிரித்து மழுப்பினேன். பின்னறையைப் பூட்டிவிட்டோம்.

3. துணி துவைத்த தண்ணீர் போகும் இடத்தில் ஒரே ஒரு கொடி தப்பிப் பிழைத்திருந்ததை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அதைத் துண்டு துண்டாக நறுக்கி என்னிடம் நீட்டி, "மனு எழுதின கையாலேயே நட்டு வைங்க" என்றாள். நட்டேன். கையெழுத்துப் போட்ட முப்பத்தெட்டுப் பேரும் வாளியோடு வந்தார்கள். சுவரோரம் சேர்ந்த மணலை வாரிக் கடல் பக்கமே கொட்டினோம். அடுத்த மழை கைகொடுத்தது, கொடி பற்றிக்கொண்டது. கட்டடமும் காற்றும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் இந்தக் காற்றுக்காலம் நான்கு மாதத்தில் மேடு நகர்ந்தது வெறும் இரண்டு அங்குலம். நம்பாமல் மறுபடி அளந்தேன். என்னை நம்பாமல் மனைவி அளந்தாள். முப்பது ஆண்டுத் தொழிலில் எந்த அளவும் எனக்கு இத்தனை சந்தோஷம் தந்ததில்லை.

4. பூட்டிய அறையைத் திறந்து, வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டேன். இப்போது அங்கே என் மகளும் அவளுடைய இரண்டு மாதக் குழந்தையும் இருக்கிறார்கள். தாத்தாவான பெருமையில் இதை மனுவில் சேர்த்துவிட்டேன், மன்னிக்கவும்.

5. கடந்த வெள்ளியன்று என் வீட்டுச் சுவரிலேயே தங்கள் அலுவலக அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. 'மனுதாரரின் கோரிக்கைப்படி, ஆண்டுதோறும்' என்றிருக்கிறது. இரண்டு ஆண்டுகள் பிடுங்க ஒன்றுமில்லாததால் யாரும் வரவில்லை, இப்போது இருக்கிறது. மண் அள்ளும் இயந்திர ஓட்டுநரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "நீங்க கேட்டுத்தானே அண்ணே வர்றோம், நீங்களே எழுதி நிறுத்துங்க" என்றார். நியாயம்தான்.

ஆகவே, என் பழைய மனுவை ரத்து செய்து, கொடியை அதன் போக்கில் விட்டுவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதே முப்பத்தெட்டுக் கையெழுத்துகளும் இணைப்பில் உள்ளன. பதில் கடிதம்கூட வேண்டாம். வியாழன் காலை ஒன்பது மணிக்கு இயந்திரச் சத்தம் கேட்காமல் இருந்தால், அதையே தங்கள் பதிலாக எடுத்துக்கொள்வோம். அது குழந்தை தூங்கும் நேரம்.

நாள்: திங்கட்கிழமை, மாலை
இடம்: மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம்

இப்படிக்கு,
இரண்டு மனுக்களையும் எழுதிய,
(ஒப்பம்)
கடைசி வீட்டுத் தையற்காரர்