புறங்கையில் போட்ட தாளம்

கும்மிடிப்பூண்டி

அன்பிற்குரிய செல்லியம்மாளுக்கு,

வீரராகவப் பெருமாள் திருவருளால் இங்கு நலமே. உன் முழங்கால் வலி தணிந்ததா?

ஆயுத பூஜையன்று எங்கள் இரும்பாலையில் இயந்திரங்களை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். முன்வரிசையில் அமர்ந்தேன். பாடகியின் வாய் அசைந்தது, பாசுரம் எட்டவில்லை. மைக் பழுதென்று எழுந்து சொன்னேன். மைக்செட்காரர் ராபின் என் காதருகே குனிந்து, "மைக்கு நல்லாத்தான் கீது பெருசு, உன் காதுதான் பேஜாராயிட்ச்சி!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆலை இரைச்சலில் காவல் இருந்ததன் விளைவு என்கிறார் மருத்துவர். கவலைப்படாதே.

பாசுரத்தை ஓதினால் போதும், கச்சேரி எதற்கு என்றிருந்தவன் நான். மணமான புதிதில் நீதான் திருவள்ளூர்க் கோயில் கச்சேரிக்கு அழைத்துச் சென்றாய். நாள்தோறும் ஓதிய பாசுரத்தை ஒருவர் எதிரே அமர்ந்து பாடக் கேட்டு, அன்றுதான் அதன் பொருளுக்கு அழுதேன். புடவைத் தலைப்பின் மறைவில் என் புறங்கையில் நீ தாளம் போட்டுக்கொண்டிருந்தாய்.

போனில் உன் குரலும் தேய்ந்துவிட்டது. ஆகவே இனிக் கடிதம் எழுது. நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு.

மாற்றுக் காவலர் வாசலில் கையசைக்கிறார், முடிக்கிறேன். தைத் திருவிழாக் கச்சேரிக்கு வருவேன். அருகில் அமர்ந்து, என் கையில் தாளம் போடு.

இராஜவேலு