டிரான்ஸ்ஃபார்மரை இழுத்துப் போகிறார்கள்

ஜப்பார்போரா,
ஞாயிறு காலை

அன்பு மகள் முபீனாவுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எப்போதும் எழுதுகிற வரியை இன்றைக்கு எழுதக் கை வரவில்லை. உன் அம்மா மூச்சு விடுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பதினோரு நாளாகப் பனி. கீழ் ஜன்னல்கள் மூடிப்போய்விட்டன, கூரையில் ஏறித் தள்ளிவிட்டு இறங்கினால் ஏறியதற்கான அடையாளமே இல்லை. முதல் நாளே மின்சாரம் போனது. போகாமல் என்ன செய்யும், நம் ஊரில் கம்பம் எங்கே இருக்கிறது, பாதிக் கம்பியை வாதுமை மரத்தில்தானே கட்டியிருக்கிறார்கள், கிளை முறிந்தால் கம்பியும் அறுந்துவிடுகிறது. நவம்பரில் ஒரு பெரிய அதிகாரி வந்து புதுக் கோட்டும் தொப்பியுமாகப் பனி தள்ளும் வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், இந்த வருஷம் எல்லாம் ரெடி, கவலையே படாதீங்க என்றார். அந்த வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே நிற்கிறது. பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் கட்டும் சங்கிலி வந்து சேரவில்லையாம். நான் பிறந்ததிலிருந்து ஜனவரியில்தான் பனி விழுகிறது, இவர்களுக்கு மட்டும் வருஷா வருஷம் அது சொல்லாமல் வந்த விருந்தாளி.

நீ அனுப்பிய ஆக்சிஜன் மெஷின் மின்சாரம் இல்லாமல் சும்மா கிடக்கிறது. இருந்த இரண்டு சிலிண்டரில் ஒன்று காலி, மற்றதில் முள் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு மணி நேரம் திறக்கிறேன், அரை மணி நேரம் மூடுகிறேன். மூடும்போது அவள் என் முகத்தைப் பார்க்கிறாள் பார், அதை நான் எப்படி எழுதுவேன். போதும் போதும், அப்புறத்துக்கு வேணும்ல, வச்சுக்கோங்க என்று அவளே சொல்கிறாள். நேற்று ஒரு கிண்ணம் உப்புத் தேநீரில் ரொட்டியை நனைத்துக் கொடுத்தேன், இரண்டு வாய் சாப்பிட்டாள்.

இடையில் ஒரு நல்லது நடந்தது. வியாழக்கிழமை லைன்மேன் நசீர் இடுப்பளவு பனியில் நடந்து வந்து கம்பியைச் சேர்த்துவிட்டார். ஆனால் நம் டிரான்ஸ்ஃபார்மர் மூன்று தடவை எரிந்து மூன்று தடவை உள்ளே புதுக் கம்பி சுற்றப்பட்டது, எல்லோரும் ஹீட்டரும் பாய்லரும் போட்டால் தாங்காது என்று எச்சரித்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன் மசூதி ஒலிபெருக்கியில் இமாம் சொன்னதை நம் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டோம். வீட்டுக்கு ஒரு பல்பு, அதுகூட வேண்டாம்னா இன்னும் நல்லது, அஹத் சாச்சா வீட்டு மெஷின் மட்டும் ஓடட்டும், ஹாஜ்ரா சாச்சி மூச்சு இந்த ஊரோட பொறுப்பு என்றார். அம்மா அழுதுவிட்டாள். நானும்தான், மறைப்பானேன். முபீனா, அன்றைக்கு ராத்திரி நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன், ஒரு வீட்டில்கூட விளக்கு இல்லை. மின்சாரம் வந்தும் ஊரே இருட்டில் உட்கார்ந்திருந்தது, இவள் ஒருத்திக்காக.

இனி எழுதப்போவதை உன்னிடம்தான் சொல்ல முடியும். கங்கு போட்ட காங்கிரிச் சட்டி அந்த அறைக்குள் வரவே கூடாது, கரிப்புகை ஆகாது என்று நீ சொல்லியிருக்கிறாய், நான் கொண்டுபோகவில்லை. ஆனால் மெஷின் ஓட ஆரம்பித்ததும் மூச்சு சீரானது, உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நாலு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. கால் ரெண்டும் செத்துப்போச்சு என்றாள். செங்கல் மேல் கம்பி சுற்றிய நம் பழைய ஹீட்டர் கட்டிலுக்கடியில்தான் இருந்தது. ஒரு பத்து நிமிஷம், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு அதைப் பிளக்கில் செருகினேன். ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பா என்று நீ திட்டுவாய், திட்டு. கம்பி சிவந்ததும் அவள் காலை நீட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க, சொர்க்கமா இருக்கு என்றாள். நேற்று சாயங்காலம், அஸர் பாங்கு சொல்லும் நேரம். மசூதி முனையில் வெடி போட்டதுபோல ஒரு சத்தம், மெஷின் நின்றுவிட்டது.

என் ஒரு ஹீட்டராலேயே எரிந்ததா, அது எப்படியும் எரியத்தான் இருந்ததா, தெரியாது. மற்றவர்களும் போட்டிருக்கலாம் என்று மனதைத் தேற்றப் பார்க்கிறேன், நடக்கவில்லை. ஊர் பழியைத் தூக்கிப் பக்கத்து வீட்டு சுல்தான் தலையில் போட்டுவிட்டது. போன வருஷம் கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் திருடிப் பிடிபட்டவன்தானே. ஒரு பொம்பளை உயிரைவிட உனக்கு வெந்நீர் பெருசாப் போச்சாடா என்று அவன் மாமனாரே கேட்டார். அவன் குர்ஆன் மேல் சத்தியம் செய்தான், யாரும் நம்பவில்லை. நான் அங்கேதான் நின்றேன். சொல்லிவிட்டால் நாளைக்கு இவளுக்காக யார் இருட்டில் உட்காருவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், அது பொய். வெட்கம், வேறொன்றுமில்லை.

இப்போது வெளியே டிரான்ஸ்ஃபார்மரை இறக்கிப் பலகையில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பதினாறு பேர் கயிறு போட்டு டவுன் வரை இழுத்துப் போகவேண்டும், சரிசெய்து திரும்ப எப்படியும் நாலு நாளாகும். கிடைத்தால் ஒரு சிலிண்டரும் முதுகில் சுமந்து வருவார்களாம். முன் கயிற்றைச் சுல்தான் பிடித்திருக்கிறான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நானும் போகிறேன் என்று பூட்ஸைப் போட்டேன், சும்மா உள்ளே போங்க சாச்சா, சாச்சியை யார் பார்ப்பா என்று அவன்தான் தள்ளிவிட்டான். இங்கே டவர் செத்து ஒரு வாரமாகிறது, டவுனிலிருந்து அவன் உனக்குப் போன் செய்வான், இந்தக் கடிதத்தையும் தபாலில் போடுவான். போனில் அவன் வாயால் சொல்ல முடியாததைத்தான் இந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன்.

நீ டிக்கெட் எடுத்து அலையாதே, ஸ்ரீநகரில் விமானம் இறங்கினாலும் இங்கே வர வழியில்லை. குழந்தையின் தடுப்பூசித் தேதியை மறந்துவிடாதே. அம்மாவுக்காக துஆ செய், எனக்காகவும். அவள் உன் தலையைத் தடவிக் கொடுக்கச் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன். அல்லாஹ் உங்கள் மூவரையும் காப்பானாக.

கடிதத்தை வாங்கிப்போகச் சுல்தான் வாசலில் வந்து நிற்கிறான். உறையை ஒட்டாமலே கொடுக்கப்போகிறேன். வீட்டில் பசை இல்லை என்பேன், பசை இருக்கிறது. அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும்.

உன் அப்பா,
அப்துல் அஹத்