மூன்றாம் மாடி எடைமேடை

அனுப்புநர்:
க. ஆவுடைநாயகம் (வயது 65),
முத்திரை ஆய்வாளர் (ஓய்வு), எடையளவுப் பிரிவு,
குறுக்குத்துறை சாலை,
திருநெல்வேலி டவுன்.

பெறுநர்:
எடையளவுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
எடையளவு முத்திரை அலுவலகம்,
திருநெல்வேலி.

பொருள்: மருத்துவமனை ஒன்றின் மூன்றாம் மாடி அறுவைப் பிரிவில் ஆளை நிறுத்தும் எடைமேடை கூடுதலாகக் காட்டுவது – அதனால் என் அறுவை சிகிச்சை நிறுத்தப்பட்டது – மேடையை நேரில் சோதிக்கவும், அதற்கு முத்திரையிட்டவர் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: அறுவைப் பிரிவு நோயாளிக் குறிப்பேடு, நாள் 03.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்து நான்கு ஆண்டுகள் தங்கள் அலுவலகத்தில் முத்திரை ஆய்வாளராக இருந்து, 2018 ஏப்ரலில் ஓய்வு பெற்றவன் நான். பாபநாசத்திலிருந்து முக்கூடல் வரை தராசு பிடித்த அத்தனை பேரும் என் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நின்றவர்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. எடை விஷயத்தில் எனக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்வதற்காகச் சொல்கிறேன். மருத்துவமனையின் பெயரைத் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி இணைத்துள்ளேன். இம்மனு பல கைகள் மாறும். அங்குள்ள மருத்துவர்கள் நல்லவர்கள். ஊர் வாயில் அவர்கள் விழுவதை நான் விரும்பவில்லை.

2. கடந்த 08.09.2025 அன்று அம்மருத்துவமனையின் கீழ்த்தளத்து மேடையில் என் எடை 132.4 கிலோ. சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, இரண்டு முழங்கால், இரவில் முகமூடி மாட்டினால்தான் மூச்சு. இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று நானே முடிவெடுத்தேன். என் வீட்டாரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. என் மைத்துனர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, “இந்த வயசுல வயித்த அறுத்துக்கிட்டு அத்தான் யாருக்கு அழகு காட்டப் போறாவ?” என்று என் மனைவியிடம் கேட்டார். அழகு காட்டவும் எனக்கு உரிமை உண்டு. ஆனால் காரணம் அதுவல்ல. என் மனைவி சங்கரி பதினோரு ஆண்டுகளாகக் குறுக்குத்துறைப் படித்துறையில் தனியாகத்தான் இறங்கிக் குளிக்கிறாள். நான் மேலே நின்று அவள் துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன், இறங்கினால் என்னால் ஏற முடியாது. சாவதற்கு முன் அந்தப் படிகளில் இறங்கி, முங்கிக் குளித்து, என் காலாலேயே ஏறி வர வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

3. அறுவைக்கு முன் எட்டு வாரத்தில் எட்டு கிலோ குறைக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் நிபந்தனை. கல்லீரல் சுருங்கினால்தான் கருவி உள்ளே போகுமாம். அதாவது, 124.4 கிலோ அல்லது அதற்குக் கீழ். ஒப்புக்கொண்டேன். மூன்று வேளையும் புரதமாவு கரைத்துக் குடித்தேன். மதியம் ஒரு கிண்ணம் காய். விடிந்ததும் ஆற்றங்கரைச் சாலையில் நடை; முதல் நாள் மூன்று மின்கம்ப தூரம், கடைசி வாரம் நாற்பத்திரண்டு. உள்ளே மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து, மூச்சை இழுத்து மூன்றையும் மேலே நிறுத்தச் சொன்னார்கள். முதல் பந்தே பத்து நாள் கழித்துத்தான் அசைந்தது. பன்னிரண்டாம் நாள், பக்கத்து வீட்டில் தோசை வார்க்கும் சத்தம் கேட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். அதையும் மறைக்கவில்லை.

4. மனநல ஆலோசகர் என்னை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பசித்தது என்றேன். அவர் விடவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது உண்மை வாயில் வந்துவிட்டது. ஐயா, பணியில் இருந்தவரை எந்தக் கடைக்காரரிடமும் ஒரு காசு நான் தொட்டதில்லை. ஆனால், சோதனைக்குப் போன கடையில் எல்லாம் இலையில் ஏதாவது வந்து நிற்கும். அது லஞ்சத்தில் சேராது என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வடை தின்றிருக்கிறேன். என் இடுப்பைச் சுற்றி இருப்பது இந்த மாவட்டத்துக் கடைக்காரர்களின் உபசாரம். ஆலோசகர் சிரிக்காமல் எழுதிக்கொண்டு, மனத்தளவில் தயார் என்று கையெழுத்திட்டார்.

5. இதற்கிடையே ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் என் தங்கை மகளுக்கு முக்கூடலில் கல்யாணம். மறுநாள் சொதி விருந்து. தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். எங்கள் வீடுகளில் சொதியை வேண்டாம் என்று சொன்னவனுக்குப் பெண் வீட்டார் மேல் கோபம் என்றுதான் நினைப்பார்கள். தாய்மாமனாகிய நான் பந்தியில் உட்கார்ந்து, இலை போடவிடாமல், பிளாஸ்கில் கொண்டுபோன புரதமாவைக் குடித்தேன். தங்கை மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை. இதை உணவுக் குறிப்பேட்டில் நானே எழுதியும் கொடுத்தேன். அதுதான் எனக்கு வினையாயிற்று.

6. கடந்த 03.11.2025 அன்று, மூன்றாம் மாடி அறுவைப் பிரிவு மேடையில் என்னை நிறுத்தினார்கள். 127.9 என்று காட்டியது. செவிலியர் சாலோமி இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டைப் புரட்டி, “மெஷின் பொய் சொல்லுமாய்யா? நீங்கதான் சொதிக்கு ஆசப்பட்டிருப்பிய” என்றார். மெஷின் பொய் சொல்லும் என்று நிரூபிப்பதற்காகவே அரசாங்கம் எனக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் சம்பளம் கொடுத்தது. கீழ்த்தளத்து மேடையில் நிறுத்துங்கள், அதில் நடப்பாண்டு முத்திரை இருப்பதை நானே பார்த்தேன் என்றேன். அறுவைப் பிரிவுக் கணக்கு அறுவைப் பிரிவு மேடையில்தான் என்று சொல்லிவிட்டார்கள். 06.11.2025 அன்று நடக்கவிருந்த என் அறுவையை நிறுத்தி, ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதினார்கள். பசியைக்கூடப் பொறுத்தேன் ஐயா. அந்த வரியை என்னால் பொறுக்க முடியவில்லை.

7. வெளியே வராந்தாவில் அந்தோணியம்மாள் என்ற ஐம்பத்தொன்பது வயதுப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். கடற்கரைப் பக்கம் மீன் வியாபாரம். அதே மேடை, அதே நாள், அதே சிவப்பு வரி. எனக்கு வந்தது ஆத்திரம். அவருக்கு வந்தது வேறு. “நான் ஒண்ணும் திங்கலய்யா. மெஷினு அப்படிச் சொல்லுதே, அப்ப எனக்கே தெரியாமத் தின்னிருப்பனோ?” என்று என்னிடம் கேட்டார். இனி கஞ்சித் தண்ணீரையும் விட்டுவிடப் போவதாகச் சொன்னார். அவ்வாறு செய்யக் கூடாது, இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

8. நேராக டவுனில் அலி அஸ்கர் அரிசி மண்டிக்குப் போனேன். 1997-இல் இவருடைய மேடைத் தராசை நான் பறிமுதல் செய்து வழக்குப் போட்டிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பழையதை எடுத்துப் பேசவில்லை. மூட்டை தூக்குகிறவர்களை டீ குடிக்க அனுப்பினார். மேடையைத் துடைத்தார். “அண்ணாச்சி, ஏறுங்க. முத்திரை போன மாசந்தான் போட்டது, சீட்டு இந்தா தொங்குது, பாத்துக்கிடுங்க” என்றார். சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். 123.9 கிலோ. எட்டரை கிலோ குறைத்திருக்கிறேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

9. அலி அஸ்கர் தம்முடைய முத்திரையிட்ட பத்து கிலோ இரும்புக் கல்லை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். 05.11.2025 காலை அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். லிப்ட் கதவில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. படியேறினேன். பத்து கிலோ கல்லோடு, மூன்று மாடி, அறுபத்தெட்டுப் படிகள். நான்கு இடத்தில் நின்றேன். ஓரிடத்திலும் உட்காரவில்லை. செவிலியர் சாலோமி முன்னிலையில் கல்லை மேடையில் வைத்தேன். 10.3 என்று காட்டியது. எடுத்து மீண்டும் வைத்தேன். 10.3. நூற்றுக்கு மூன்று கிலோவுக்கு மேல் அந்த மேடை கூட்டிச் சொல்கிறது. இந்த எடையை வைத்துத்தான் மயக்க மருந்தின் அளவையும் கணக்கிடுகிறார்கள் என்று அங்கே அறிந்தேன். சாலோமி திரையைப் பார்த்தார். பிறகு, “அப்ப எத்தன பேரத் திருப்பி அனுப்பிச்சிருக்கோம்யா?” என்றார்.

10. இதற்கு முத்திரை போட்ட மகானுபாவர் யார் என்று பார்த்து, பெயர் சொல்லி, நார் நாராகக் கிழித்துவிடும் எண்ணத்துடன் மேடைக்கு அடியில் குனிந்தேன். என் வயிறு குறுக்கே வராமல் நான் தரைவரை குனிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஈய முத்திரை அப்படியே இருந்தது. ஆண்டு 18, முதல் காலாண்டு. ஆய்வாளர் எண் என்னுடையது.

11. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம். அன்றும் லிப்ட் பழுது. கீழ்த்தளத்து மேடையைக் கற்கள் வைத்து முறைப்படி சோதித்தேன். மூன்று மாடி ஏற எனக்கு மூச்சு இல்லை. சோதனைக் கற்களைச் சுமந்து ஏற்றச் சொல்ல மனமும் இல்லை. கற்கள் ஜீப்பிலேயே இருந்தன. அலுவலக உதவியாளரிடம் முத்திரை பதிக்கும் இடுக்கியைக் கொடுத்து மேலே அனுப்பினேன். அவர் பெயர் வேண்டாம். சொன்னதைச் செய்தவர், அவர் மீது தவறில்லை. அவர் போய்வரும் வரை மருந்துக்கடைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ‘சோதித்துச் சரியெனக் கண்டேன்’ என்று அங்கேயே சான்றிதழில் கையெழுத்திட்டேன். அதன்பின் ஏழாண்டுகள் மேடையை மறுமுத்திரைக்குக் காட்டாதது மருத்துவமனையின் பொறுப்பு. அதை விட்டுத்தர மாட்டேன். ஆனால் முதல் பொய் என்னுடையது.

12. இம்மனுவை நான் முதலில் எழுதியது வேறு மாதிரி. மருத்துவமனை மீது மட்டும் மூன்று பக்கம், காரசாரமாக. சங்கரியிடம் வாசித்துக் காட்டினேன். முத்திரை விஷயத்தை முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். அவள், “பெஞ்சுல இருந்து என்ன செஞ்சிய?” என்று கேட்டாள். கேண்டீன்காரர் கொடுத்த உளுந்த வடை இரண்டைத் தின்றுகொண்டிருந்தேன் என்றேன். “அப்ப அந்த வடையையும் எழுதுங்க. இல்லன்னா மனுவே போட வேண்டாம்” என்றாள். கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுகிறேன். வடையையும் எழுதிவிட்டேன்.

13. வெட்கம் இருக்கிறது. ஆனால் அதற்காகத் தலை குனிந்து வீட்டில் கிடக்க நான் தயாரில்லை. தவறு செய்தவன் என்பதால் என் எட்டரை கிலோ இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்:

(அ) மேற்படி மேடையைத் தாங்கள் நேரில் வந்து, முழு எடைக்கும் கற்கள் வைத்துச் சோதிக்க வேண்டும். சரியாக இருந்தால் சிவப்பு வரியை நான் ஏற்கிறேன், மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

(ஆ) தவறாக இருந்தால் அதை எழுத்தில் தர வேண்டும். அதைக் கொண்டு போய் என் வரியை அடிக்கச் செய்வது என் பாடு. அந்தோணியம்மாளுக்கும் அதே சான்றின் பிரதி ஒன்று தர வேண்டும். அவருடைய வரி முதலில் அடிக்கப்பட வேண்டும், என்னுடையது பிறகு. அவர் பட்டினி கிடக்கிறார். நான் போனில் சொல்லியும் கேட்கவில்லை; மெஷினைத்தான் நம்புகிறார்.

(இ) 2018 முதல் இந்த மேடையின் கணக்கால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யார் யார் என்று மருத்துவமனையிடம் பட்டியல் கேட்டு, அவர்களை மீண்டும் அழைக்கச் செய்ய வேண்டும்.

(ஈ) சோதிக்காத மேடைக்கு முத்திரையிட்ட க. ஆவுடைநாயகம் மீது விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். வயதானவர், ஓய்வு பெற்றவர், நோயாளி என்று கோப்பை மூடிவிடக் கூடாது. விசாரணைக்கு எந்த நாள் கூப்பிட்டாலும் வருவேன். அறுவை முடிந்து படுத்திருக்கும் பத்து நாள் மட்டும் அவகாசம் வேண்டும்.

14. சோதனைக்கு வரும்போது ஒன்று கவனிக்க வேண்டும், ஐயா. லிப்ட் இன்னும் பழுதுதான். கற்களைத் தூக்க ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள். பத்து கிலோ கல் ஒன்றை நான் தூக்கி வருவேன், அது என்னால் முடியும் என்று தெரிந்துகொண்டேன். மருந்துக்கடைக்கு எதிரே அந்தப் பெஞ்ச் இன்றும் கிடக்கிறது. தாங்கள் வரும் நேரம் என்னை அங்கே தேட வேண்டாம். மூன்றாம் மாடியில், மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

தங்கள் கையால் இடப்படும் அடுத்த முத்திரைக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
க. ஆவுடைநாயகம்

நாள்: 17.11.2025
இடம்: திருநெல்வேலி

இணைப்பு:
1. மருத்துவமனையின் பெயர், ஒட்டிய உறையில். கீழுள்ள நகல்களில் பெயரை மறைத்திருக்கிறேன்.
2. நோயாளிக் குறிப்பேட்டின் நகல், சிவப்பு வரியுடன்.
3. அலி அஸ்கர் மண்டி எடைச்சீட்டும், அவருடைய தராசின் சோதனைச் சான்று நகலும்.
4. 2018-ஆம் ஆண்டு சான்றிதழின் நகல். கையெழுத்து என்னுடையதே.