இடக்கை முன், வலக்கை பின்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

இன்று பதினொரு மணிக்கே, விளம்பரப் படத்துக்கு வைத்த முகக் கிறீம் உருகிவிட்டது. இந்தத் தகரக் கூரையின் கீழ் மனிசரே உருகும்போது கிறீமைக் குறை சொல்லி என்ன? டப்பாவைத் திறந்து, கரண்டியால் ஒரு சுழி போட்டு, கமராவுக்குப் பின்னால் போய் நிற்பதற்குள் சுழி படுத்துவிடுகிறது. பிறகு வழக்கமான வேலைதான். கிறீமை வழித்து வைத்துவிட்டு வெள்ளைப் பற்பசையை நிரப்பிச் சுழித்தேன். என்ன வடிவு! விளம்பரத்தில் பார்க்கிற கிறீமில் பாதி பற்பசை என்று தெரிந்தால் சனம் என்ன சொல்லும்?

பின்னேரம் பஸ்னா வந்தாள். புத்தளம் அகதி முகாமில் ஒரே பாயில் இருந்து படித்தோம். இப்போது தாராபுரத்தில் வீட்டிலிருந்தே வெளுப்பாக்கிற கிறீம் விற்கிறாள். கொழும்பிலிருந்து யாரோ வாளியில் அனுப்ப, இவள் டப்பாவில் அடைத்துத் தன் லேபலை ஒட்டுகிறாள். நோன்பு தொடங்கிற நேரம் 'முன் – பின்' படம் போடவேண்டுமாம்.

"ஒரு கையை எடு, போன்ல வெளுப்பாக்கு. முடிஞ்சுது."

மாட்டேன் என்றேன். பற்பசை வேறு, இது வேறு. எல்லாரும் அப்படிச் செய்வதால்தான் ஒருத்தரும் இந்தப் படங்களை நம்புவதில்லை. உண்மையாக ஒரு ஆள் பூசட்டும், வெள்ளிக்கு வெள்ளி ஒரே வெளிச்சத்தில் எடுக்கிறேன், ஒரு புள்ளிகூட மாற்றமாட்டேன் என்று பெரிய கதை கதைத்தேன்.

"நீ கமராக்காரியா, நீதவானா?" என்று சிரித்தாள். சம்மதித்தாள்.

ஆளுக்கு எங்கே போவது? முகம் காட்ட எங்கள் பக்கத்தில் ஒருத்தி வரமாட்டாள். வந்தாலும் வீட்டில் விடமாட்டார்கள். அப்போதுதான் தங்கச்சி ஸஹ்றா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முகம் வராதெண்டால் நான் வாறன் ராத்தா. ரெண்டு கையையும் வைப்பம். வலக்கையில மட்டும் பூசுறன். இடக்கை முன், வலக்கை பின். ஒரே படத்தில ரெண்டும்."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? கெட்டிக்காரி.

பெப்ரவரி 14, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பள்ளியால் ஆட்கள் போகிற சத்தம் கேட்கும்போது முதல் படம் எடுத்தோம். மேசையில் வெள்ளைக் கடதாசி. ஜன்னலில் உம்மாவின் பழைய வெள்ளைத் துணி. இரண்டு பக்கமும் வெளிச்சம் தெறிக்க வெள்ளை ரெஜிபோம் அட்டை. நடுவில் ஸஹ்றாவின் கைகள், இரண்டும் ஒரே பால் தேத்தண்ணி நிறம். ஊர் முழுக்க மணப்பெண்களுக்கு மருதோன்றி போடுகிறவளின் சொந்தக் கையில் ஒரு கோடு இல்லை. படம் முடியுமட்டும் போடக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டிருக்கிறேன்.

வாசலில் ஒரு கழுதை வந்து நின்று கத்தியது. முதல் ஐந்து படமும் ஆடிப்போயிற்று. அவள் கை ஆடவில்லை. நான் சிரித்த சிரிப்பில் கமரா ஆடியது.

பெப்ரவரி 28, வெள்ளி

வெளுத்திருக்கிறது. உண்மையாகவே வெளுத்திருக்கிறது! இரண்டு கிழமைதான். வலக்கை இரண்டு சொட்டுப் பால் கூட விட்டமாதிரி. நான் ஒன்றும் செய்யவில்லை, வெளிச்சமும் அதேதான். பஸ்னாவுக்கு அனுப்பினேன். போனில் கூச்சல் போட்டாள்.

மார்ச் 6, வியாழன்

பஸ்னா பேஸ்புக்கில் படம் போட்டுவிட்டாள். மூலையில் என் பெயர். எங்கேயெங்கேயோ இருந்து பகிர்கிறார்கள். உம்மாவுக்குக் காட்டினேன். "கை மட்டும்தானே?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடி போட்டு இன்னொருதரம் பார்த்தா.

மார்ச் 14, வெள்ளி

ஐந்தாவது படம். கை பளபளக்கிறது.

நோன்பு திறக்கச் சமோசாவுக்கு வெட்டிக்கொண்டிருந்தவள், "ராத்தா, பச்சை மிளகாய் பட்டால் இந்தக் கை எரியுது" என்றாள். "மிளகாய் பட்டால் எரியாமல் குளிருமா?" என்றேன். உம்மாவும் சிரித்தா.

மார்ச் 21, வெள்ளி

விரல் மூட்டுகள் கறுத்துவிட்டன. இடையிடையே வெள்ளைத் திட்டு. புறங்கைத் தோல் பாலாடை மாதிரி மெல்லிசாகி நரம்பு தெரிகிறது. நாலு நாளாகச் சட்டைக்கையை இழுத்து மூடிக்கொண்டு திரிந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. போன வெள்ளி அவள் சொன்னபோது நான் பகிடி பண்ணினேன்.

இன்றும் மேசையில் கையைக் கொண்டுவந்து வைத்தாள். நானும் எடுத்தேன். ஏன் எடுத்தேன்? வெள்ளிக்கு வெள்ளி என்று வாய் கிழியக் கதைத்தவள் நான். பஸ்னாவும் பார்க்கட்டும் என்று அந்தப் படத்தையும் அனுப்பினேன். இனி அந்தக் கிறீம் வேண்டாம் என்று ஸஹ்றாவிடம் சொல்லியாயிற்று.

மார்ச் 22, சனி

பஸ்னாவின் பதில்: "சில பேருக்கு அப்பிடி வரும் புள்ள. நிப்பாட்டினால் சரியாகும்."

சில பேர்.

மார்ச் 29, சனி

நாளை மறுநாள் பெருநாளாக இருக்கலாம். இன்று ஸஹ்றாவுக்கு ஆறு வீட்டில் மருதோன்றி வேலை. காலை பத்து மணிக்கு முதல் வீட்டுக்குப் போனவள் பத்தரைக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

அந்த வீட்டுத் தாய் கத்தவில்லையாம், ஏசவில்லையாம். மெதுவாகத்தான் கேட்டாவாம்: "கோபிக்காதீங்கோ மகள், இது தொத்துமோ?" மகள்காரி அதற்கு முன்னமே கையை இழுத்துச் சட்டைக்குள் வைத்துவிட்டாளாம்.

மற்ற ஐந்து வீட்டுக்கும் காய்ச்சல் என்று நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். சுலபமாக வந்தது பொய். பெரிய உண்மைக்காரி.

ஏப்ரல் 8, செவ்வாய்

தோல் கிளினிக். டொக்டர் நல்ல பிள்ளை, ஸஹ்றாவின் கையைச் ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதில என்ன கலந்திருக்கு?" என்றார். டப்பாவைக் கொடுத்தேன். பஸ்னாவின் லேபலில் ஒரு பூ, ஒரு பெயர், 'இயற்கை' என்று ஒரு சொல். திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறொன்றும் இல்லை. அந்த லேபலை நான் எத்தனை தரம் துடைத்து, சரித்து, கூர்மையாக எடுத்திருப்பேன்! இல்லாததை ஒருநாளும் தேடவில்லை.

"ஸ்டீரொயிட் இருக்கும் போல. இன்னும் என்ன இருக்கெண்டு ஆய்வுக்கு அனுப்பித்தான் சொல்லலாம். கறுப்பு மாற மாதக்கணக்கில எடுக்கும். தோல் முந்தின மாதிரி வருமெண்டு நான் வாக்குத் தரேலாது."

ஸஹ்றா ஒரு கேள்விதான் கேட்டாள். "மருதோன்றிக் கோன் பிடிக்கலாமா டொக்டர்?"

"பிடிக்கலாம்."

பஸ்சில் தோட்டவெளி தாண்டும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பிடிக்கலாம்தான். ஆர் கை தருவினம்?"

ஏப்ரல் 10, வியாழன்

தாராபுரம் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். டொக்டர் சொன்னதைச் சொல்லச் சொல்லப் பஸ்னா அழுதுவிட்டாள். "வாளியில வருது, அடைக்கிறன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும் நசீறா. அல்லாஹ் மேல ஆணை." சுவர் முழுக்க டப்பா அடுக்கி வைத்திருக்கிறாள். அவளும் அதைத்தான் பூசுகிறாள். கண்ணீரைத் துடைத்தபோது பார்த்தேன், கன்னத்தில் நரம்பு தெரிகிறது. சொன்னேன். கண்ணாடியில் பார்க்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

என் கண்ணுக்கு முன்னாலேயே அந்தப் படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டாள். இனி விற்க மாட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படம் போனதே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

யா அல்லாஹ்.

காலமை போனைத் திறந்தன். படம் திரும்ப வந்திருக்கு. ஆனா அந்தப் படம் இல்ல. மார்ச் இருபத்தொண்டு எடுத்தது. ரெண்டாப் பிளந்து போட்டிருக்கிறாங்கள். கறுத்துப்போன வலக்கையில 'முன்' எண்டு எழுதியிருக்கு. ஒண்டுமே பூசாத இடக்கையைப் பக்கம் மாத்தி, அதுவும் வலக்கை மாதிரி ஆக்கி, 'பின்' எண்டு எழுதியிருக்கு.

பின்! அந்தக் கையில ஒரு துளி படேல்ல. ஒரு துளி.

பஸ்னாவுக்கு ஒன்பது தரம் அடித்த பிறகு எடுத்தாள். "நான் போடேல்ல புள்ள, சத்தியமா. வாங்கி விக்கிற ஏஜென்ட் பிள்ளையள் செய்தது. எல்லாப் படமும் அவங்களிட்ட இருக்கு."

"ஆர் குடுத்தது?"

"முந்தியே நான்தான் எல்லாத்தையும் அனுப்பி வச்சனான். நீ நல்லா எடுத்திருந்தாய் எண்டு."

மூலையில் என் பெயர் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஸஹ்றா பார்த்துவிட்டாள். கனநேரம் பார்த்தாள். "இடக்கை நல்ல வடிவா விழுந்திருக்கு" என்றாள்.

மே 3, சனி

செய்ததை எழுதுகிறேன், பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை என்று என்னை நானே தின்னாமல் இருக்க.

பேஸ்புக்கிடம் முறையிட்டேன். விதிகளுக்கு முரணாக இல்லையாம். படத்தின் கீழேயே 'இது பொய், நான்தான் எடுத்தேன்' என்று எழுதினேன். பொறாமை என்றாள் ஒருத்தி. வேறு கிறீம் விற்கிற ஆள் என்றாள் இன்னொருத்தி. பின்னேரம் அந்தப் பக்கத்துக்குள் என்னை விடாமல் மூடிவிட்டார்கள். வேறு நாலு பக்கங்களில் அதே படம். ஒவ்வொன்றுக்கும் முறையிட்டு முடிப்பதற்குள் இன்னும் ஏழு.

நுகர்வோர் முறைப்பாட்டுக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்தவர் கதிரை தந்து இருத்தி மரியாதையாகத்தான் பேசினார். பாதிக்கப்பட்ட ஆள் வந்து வாக்குமூலம் தரவேண்டும், வாங்கிய ரசீது வேண்டும். ரசீது எங்கே? ஸஹ்றா கடையில் வாங்கவில்லையே. கொண்டுவந்து கையில் கொடுத்தது நான்.

ஸஹ்றாவிடம் வரச்சொல்லிக் கெஞ்சினேன். "என்ர கை ஊரெல்லாம் போயிட்டுது ராத்தா. இனிப் பேரும் போகவேணுமோ?" அதற்கு மேல் எந்த வாயால் கேட்பது?

மே 11, ஞாயிறு

போன்ல வெளுப்பாக்கு, முடிஞ்சுது என்றுதானே பஸ்னா சொன்னாள். அந்தப் பொய்யை அன்றைக்குச் சொல்லியிருந்தால் என் தங்கச்சியின் கை இன்றைக்கு நன்றாக இருந்திருக்கும். இதை எத்தனை பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது.

மே 20, செவ்வாய்

குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மருதோன்றிக் கோன்களை ஸஹ்றா எறிந்துவிட்டாள். பழுதாகிவிட்டதாம். பழுதாகவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். ஒருவரும் மருதோன்றிக்குக் கேட்கவில்லை.

பத்து மணிபோல ஒரு அம்மா தேடி வந்தா. பெயர் உம்மு குல்சூம், மறிச்சுக்கட்டியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறா. சாரத் துணிக்குள் சுற்றிய நாலு போத்தல் காட்டுத் தேன். மருமகன் போனில் போட்டு விற்கப் போகிறாராம், நல்ல படம் வேண்டுமாம்.

"அந்தக் கைப் படம் எடுத்த பிள்ளை நீங்கதானே? மூலையில பேர் கிடந்துது. அதைப் பார்த்துத்தான் வந்தனான்."

தேன் போத்தலை ஜன்னலடியில் வைத்துப் படம் எடுத்தேன். பின்னால் வெளிச்சம் விட்டால் தேன் பொன்னாக எரியும், அதற்கு ஒரு தில்லுமுல்லும் தேவையில்லை. ஸஹ்றா தேத்தண்ணி கொண்டுவந்தாள். இப்போது எந்நேரமும் போட்டுத் திரிகிற கையுறையை வெக்கை தாங்காமல் கழற்றியிருந்தாள், திரும்பப் போட மறந்து. கோப்பையை வைத்துவிட்டுக் கையை இழுப்பதற்குள் அந்த அம்மா எட்டிப் பிடித்துவிட்டா.

"இஞ்ச பாருங்கோ, அந்தப் படத்தில இருக்கிற மாதிரியே!" இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தா. "கவலைப்படாதீங்கோ மகள். அந்தப் பிள்ளைக்கு மாறினதுதானே, உங்களுக்கும் மாறும். நானும் ரெண்டு கிழமையாப் பூசுறன்." பையிலிருந்து பஸ்னாவின் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தா. பாதி இருந்தது. "நான் வேற வாங்குவன். இதை நீங்க வச்சிருங்கோ."

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை இவள்தான், இந்தக் கைதான், கிறீமால்தான் இப்படி ஆனது, முன்னையும் பின்னையும் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டா. போனில் படத்தை எடுத்துப் பார்த்தா, ஸஹ்றாவின் கையைப் பார்த்தா.

"அதுதானே மகள் நானும் சொல்றன். முன்னுக்கு இப்பிடித்தானே இருந்திருக்கு."

திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, இரக்கம்தான். "உங்களுக்குத் தங்கச்சியை நினைச்சு மனசு சரியில்ல" என்றா. இதெல்லாம் பேசி முடியுமட்டும் ஸஹ்றாவின் கையை விடவில்லை. பெருவிரலால் அந்தக் கறுப்பு மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தா. அவவின் மணிக்கட்டு வெளுக்கத் தொடங்கியிருந்தது. தயவுசெய்து பூசாதீங்கோ என்றேன். "இன்ஷா அல்லாஹ்" என்றா. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.

அவ போன பிறகு டப்பாவை எடுத்துக் குப்பையில் கொட்டினேன். ஸஹ்றா கதிரையிலேயே இருந்தாள், கையை மடியில் வைத்தபடி.

"ரெண்டு மாசத்துக்குப் பிறகு ஒராள் இந்தக் கையைப் பிடிச்சிருக்கிறா ராத்தா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.